வான்கோழி நெஞ்சு காயாமல் வேக: இறைச்சிக்குள்ள குத்துற தெர்மோமீற்றர் எப்பிடி?

முதல்லயே சொல்லிடுறன், வீட்டில வான்கோழி சமைக்கிற ஆக்கள் இதை வாங்குங்கோ, புரொயிலர் கோழிக்கறியும் மீன்குழம்பும் மட்டும் வைக்கிற வீடெண்டால் காசைச் செலவழிக்கத் தேவையில்லை. நான் சொல்லுறது இறைச்சிக்குள்ள ஊசியைக் குத்தி உள்சூடு எவ்வளவு எண்டு பாக்கிற டிஜிட்டல் தெர்மோமீற்றரைப் பற்றி. மடக்கிற வகை, ஊசி ஒரு கையளவு நீளம், மடக்கினால் கத்திக்குப் பக்கத்தில லாச்சிக்குள்ள போட்டு வைக்கலாம், பின்னால காந்தம் இருக்கிறதால பிறிஜ் கதவிலயும் ஒட்டி நிக்கும். பெரிய கம்பனிச் சாமான் இல்ல, சும்மா சாதாரணமா விக்கிறது, இதே மாதிரி இஞ்சயும் ஒன்லைனில எடுக்கலாம், ஒரு வான்கோழி வாங்கிற காசை விடக் குறையத்தான் வரும்.

எனக்கு இது தம்பி கொண்டு வந்து தந்தது. அவன் கனடாவில ஒன்டாரியோ மாகாணத்தில இருக்கிறான், வேலை செய்யிற இடத்துச் சிநேகிதங்களோட வசந்த காலத்தில காட்டு வான்கோழி வேட்டைக்குப் போறவன். வேட்டை எண்டோண்ண இஞ்ச கனபேர் களவு வேலை எண்டு நினைப்பினம், அங்க அது முழுக்கச் சட்டத்துக்குள்ள நடக்கிறது, பயிற்சி எடுத்து, லைசன்ஸ் எடுத்து, ஏப்ரல் 25 இல இருந்து மே 31 வரைக்கும்தான் வசந்த கால சீசன், அதிலயும் நெஞ்சில தாடி தொங்குற பறவையைத்தான் சுடலாம், அது அநேகமா சேவல்தான். ஒன்டாரியோவில ஒரு காலத்தில காட்டு வான்கோழி ஒண்டுமே இல்லாமல் அழிஞ்சு போய், 1984 இல அமெரிக்காப் பக்கம் இருந்து பிடிச்சுக் கொண்டு வந்து விட்டுத்தான் திரும்பப் பெருகினதாம். அழிச்சதும் மனிசர், திரும்பக் கொண்டு வந்ததும் மனிசர், அந்த வேலையில வேட்டைக்காரரும் சேந்து நிண்டவை எண்டதைக் கேக்க எனக்குச் சரியான சந்தோசம்.

ஆனா ஒண்டு, இதை வாசிச்சிட்டு ஆராவது எங்கட பக்கம் காட்டுக்கோழி பிடிக்கலாம் எண்டு நினைச்சால் தயவு செய்து வேண்டாம். காட்டுக்கோழி எங்கட இலங்கையின்ட தேசியப் பறவை, 1937 ஆம் ஆண்டின்ட 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில பாதுகாக்கப்பட்டது, பிடிக்கவும் ஏலாது விக்கவும் ஏலாது. ரோட்டோரத்தில காட்டு இறைச்சி எண்டு ஆராவது ரகசியமாக் கொண்டு வந்து நீட்டினாலும் வாங்காதேங்கோ. எனக்கு இது மனசில கிடக்கிற விசயம், அதான் சமையல் கதைக்கு நடுவிலயும் சொல்லுறன்.

நான் சமைக்கிறது தம்பலகாமம் பக்கம் ஒரு ஐயா வீட்டில வளக்கிற நாட்டு வான்கோழி. வயல் வரம்பில முழுநாளும் மேஞ்சு புல்லு பூச்சி நெல்லு எல்லாம் பொறுக்கித் திண்டு திரியிறது, பின்னேரத்தில மரத்தில ஏறிக் குந்தும். நத்தாருக்கு சுப்பர்மாக்கற்றில ஐஸ் போட்டு வாற வெள்ளை வான்கோழி வேற சாதி, அது நெஞ்சு பெருக்கோணும் எண்டே வளத்தெடுத்த இனம், பறக்கவும் ஏலாது, சோடி சேரவும் ஏலாது, ஊசி போட்டுத்தான் முட்டைக்குக் கருக்கட்ட வைக்கிறவை. எங்கட ஐயான்ட வான்கோழி அதை விடத் தம்பி சுடுற காட்டு வான்கோழிக்குத்தான் கிட்ட, கொழுப்புக் குறைவு, கால் கறுத்த இறைச்சி, நெஞ்சு மெல்லிசு. அதாலதான் அவன் அங்க செய்யிற முறை எனக்கு இஞ்ச அப்பிடியே சரி வருது.

நடந்து திரிஞ்ச வான்கோழில பிரச்சினை என்னெண்டால் நெஞ்சும் காலும் ஒரே பறவை மாதிரியே நடக்காது. நெஞ்சில கொழுப்பே இல்ல, கொஞ்சம் கூட வெந்தால் தண்ணி எல்லாம் போய்ப் பஞ்சாப் போகும், வாயில வச்சால் பிறகு என்ன குழம்பு ஊத்தினாலும் விழுங்க ஏலாது. கால் அதுக்கு எதிர், நாள் முழுக்க நடந்த கால், உள்ள நரம்புகள் எலும்பாகி ஈர்க்கு மாதிரி விறைச்சு நிக்கும், நீங்க ஒரு துடைக்கால் எடுத்து வெட்டிப் பாத்தால் கையில குத்தும். நெஞ்சு வெந்து காணும் எண்ட நேரம் கால் றப்பர், கால் பதமான நேரம் நெஞ்சு விறகு. முழுசாப் போறணையில வச்சு மேசைக்குக் கொண்டு வாறது படத்துக்கு வடிவு, சாப்பாட்டுக்கு இல்ல. தம்பி சொன்னது ஒரே வசனம்தான், "அக்கா, முதல்ல ரெண்டாப் பிரி, பிறகு சூட்டைப் பாத்துச் சமை, மணிக்கூட்டைப் பாக்காத." இந்தத் தெர்மோமீற்றர்ட வேலையே அதுதான்.

வாங்கினோண்ண நீங்க செய்ய வேண்டியது, சரியாக் காட்டுதா எண்டு பாக்கிறது. ஒரு கிளாசில ஐஸ் நிறையப் போட்டு கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி ஊசியை நடுவில பிடிச்சால் 0 காட்டோணும், கொதிக்கிற தண்ணிக்குள்ள பிடிச்சால் 100 காட்டோணும், நாங்க கடற்கரை ஆக்கள் எண்டதால 100 தான், நுவரெலியாவில இருக்கிற ஆக்கள் பாத்தால் 94 கிட்டத்தான் வரும், மேல போகப் போகத் தண்ணி குறைஞ்ச சூட்டிலயே கொதிக்கும், அதைப் பாத்துச் சாமான் பிழை எண்டு திருப்பிக் குடுத்திடாதேங்கோ. என்ட கையில இருக்கிறது ஐஸில 0.4, கொதியில 99.6 காட்டினது, சமையலுக்கு இது தாராளம். மகன் கன்னியா வெந்நீர் ஊத்துக்குக் கொண்டு போய் அங்க இருக்கிற ஏழு கிணத்திலயும் விட்டுப் பாப்பம் எண்டு ஒரே ஆக்கினை, அது சனங்கள் செத்த ஆக்களுக்குக் கடன் கழிக்கிற இடம், அங்க போய் இதை வச்சு விளையாடக் கூடாது எண்டு சொல்லிப் போட்டன்.

இப்ப நெஞ்சுக் கதைக்கு வாறன், இதிலதான் சாமான்ட அருமை தெரியும்.

நெஞ்சு ரெண்டையும் எலும்போட ஒட்டிக் கத்தி விட்டுக் கழட்டி எடுங்கோ. காட்டு வான்கோழி எண்டால் தம்பிக்கு இதில இன்னும் கொஞ்ச வேலை இருக்கு, சுட்டோண்ண அங்கயே குடலை எடுத்து ஐஸ் வச்சுக் குளிர்ப்பாட்டோணும், வெயில் நாளெண்டால் தாமதிக்கவே கூடாது, பிறகு வீட்டில விரலால இறைச்சி முழுக்கத் தடவித் தடவி ஈயச் சன்னம் இருக்கோ எண்டு பாக்கோணும், சன்னம் போன ஓட்டைக்குள்ள இறகும் சேந்து போயிருக்கும், அதையும் எடுக்கோணும். வசந்த காலச் சேவலுக்கு நெஞ்சுக்கு மேல கொழுப்புக் கட்டி ஒண்டு இருக்கும், சோடி தேடித் திரியிற நாளில தீன் எடுக்காமல் அந்தக் கொழுப்பிலதான் அது ஓடுறது, அதைச் சீவி எறிஞ்சிடுவானாம், சமைச்சால் ருசி கெடும். வயசைக் காலில இருக்கிற முள்ளைப் பாத்துச் சொல்லுவான், அரை அங்குலத்துக்குக் குறைய எண்டால் ஒரு வயசுச் சேவல், அது மெதுவான இறைச்சி, ஒரு அங்குலத்துக்கு மேல போனால் கிழடு, கூட நேரம் வேணும். இந்த முள்ளுக் கணக்கை நான் ஐயான்ட வளவிலயும் பாத்துத்தான் இப்ப தெரிவு செய்யிறன், ஐயாவும் சிரிச்சுக் கொண்டு சரி எண்டுறார்.

பிறகு உப்புத் தண்ணி. ஒரு லீற்றர் தண்ணிக்கு 60 கிராம் உப்பு, கரைச்சு, நெஞ்சை மூழ்க விட்டு இரவு முழுக்கப் பிறிஜ்ஜுக்குள்ள. நிலாவெளி உப்பளத்துக் கட்டி உப்பு எண்டால் கரண்டியால அளக்காமல் நிறுத்துப் போடுங்கோ, கட்டி உப்பும் தூள் உப்பும் கரண்டியில ஒரே அளவு வராது. உப்பு உள்ள போனால் இறைச்சி சூட்டில தண்ணியை விடாமல் பிடிச்சு வச்சிருக்கும், கொழுப்பில்லாத இறைச்சிக்கு இது கட்டாயம். சுப்பர்மாக்கற்று வான்கோழிக்கு இதைச் செய்யாதேங்கோ, கனக்கப் பெட்டியில உப்புத் தண்ணி ஏத்தித்தான் வாறது, பெட்டியில எழுதியிருக்கும் பாருங்கோ, ரெண்டாந்தரம் ஊறப் போட்டால் கருவாடு மாதிரிக் கரிக்கும். எங்கட வெக்கைக்கு வெளிய மேசையில ஊற வைக்கிற கதையே வேண்டாம், பிறிஜ்ஜுக்குள்ளயும் 5 டிகிரிக்குக் கீழ இருக்கோணும், அதையும் இதே தெர்மோமீற்றரை ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள விட்டுப் பிறிஜ்ஜுக்குள்ள வச்சுப் பாத்தனான், கதவுப் பக்கம் 9 காட்டினது, அதுக்குப் பிறகு இறைச்சியும் பாலும் எங்கட வீட்டில கதவுப் பக்கம் வைக்கிறதில்ல. வான்கோழி சமைக்காத நாளிலயும் உதவின ஒரு விசயம் இது.

விடிய எடுத்து வடிவாத் துடைச்சு, இடிச்ச மிளகு, உள்ளி, கொஞ்சம் மஞ்சள், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசறி, தடிச்ச தாச்சியில நெய் விட்டுத் தோல்ப் பக்கத்தைச் சிவக்க வச்சிட்டு, நெருப்பைக் குறைச்சு மூடுறன். எங்கட வீட்டில பெரிய போறணை இல்ல, அம்மா முந்தி கேக் சுட்ட மாதிரி மூடிக்கு மேல சிரட்டைக்கரி கொஞ்சம் போடுவன், மேலயும் கீழயும் சூடு. கொஞ்ச நேரத்தால மூடியைத் திறந்து நெஞ்சின்ட தடிச்ச இடத்தில பக்கவாட்டாலே ஊசியை நடுவுக்குப் போற மாதிரிக் குத்துங்கோ, மேல இருந்து நேர குத்தினால் ஊசி நுனி அடியில தாச்சிக்குக் கிட்டப் போய்ப் பொய்க் கணக்குச் சொல்லும். இலக்கம் ஓடி ஓடி மூண்டு நாலு செக்கனில ஒரு இடத்தில நிக்கும். 52... 58... சும்மா மூடி வைக்கலாம். 65 தாண்டினால் பக்கத்திலயே நிக்கோணும், அதுக்குப் பிறகு கிடுகிடெண்டு ஏறும். 71 இல இறக்கி ஒரு தட்டில வச்சுப் பேப்பரால மூடி விட்டால் உள்ள இருக்கிற சூட்டிலயே 74 க்கு ஏறும், ஏறினதைத் திரும்பக் குத்திப் பாத்து உறுதிப்படுத்துங்கோ, ஏறாட்டி இன்னும் கொஞ்சம் அடுப்பில. அமெரிக்க விவசாயத் திணைக்களம் கோழி வகைக்கெல்லாம் சொல்லுற பாதுகாப்பான சூடு 74 செல்சியஸ், அதான் 165 பரனைற், அதுக்குக் குறையச் சாப்பிடாதேங்கோ, அதுக்கு மேல கனக்கப் போனால் பறவை வீண். கால் மணித்தியாலம் ஆற விட்டு வெட்டினால் கத்தி போற இடத்தில ஈரம் மினுங்கும், இறைச்சி வெள்ளையா, நார் நாராப் பிரியாமல் துண்டாவே நிக்கும். வான்கோழியே வேண்டாம் எண்டு இருந்த இவர் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இப்பிடிச் செய்த நெஞ்சைத்தான்.

அம்மாக்கு இந்தச் சாமான் பிடிக்காது. "கறி வாசத்தில தெரியாததே பிள்ளை, இதென்ன ஆஸ்பத்திரி மாதிரிக் காய்ச்சல் பாக்கிறாய்" எண்டுவா. காலைப் பொறுத்த வரைக்கும் அம்மா சொல்லுறது முழுக்கச் சரி எண்டுதான் நான் நினைக்கிறன். காலுக்கு 74 எண்டது தொடக்கம் மட்டும்தான், சாப்பிடப் பாதுகாப்பு, ஆனா கடிக்க ஏலாது. அந்தச் சவ்வெல்லாம் கரைஞ்சு பசையாக வேணுமெண்டால் 90 கிட்ட வந்து அங்கயே கன நேரம் நிக்கோணும், அதுக்கு ஊசியே தேவையில்ல, குழம்பு கொதிச்சுக் கொண்டு கிடந்தால் தானா நடக்கும். அம்மான்ட கால்க் கறி இப்பிடி: துடையும் காலும் பெரிய துண்டா வெட்டி, சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, கருவேப்பிலை, கறுவாப் பட்டை வதக்கி, வறுத்த கறித்தூள் தாராளமாப் போட்டு, ரெண்டாம் பாலில பிறசர் குக்கரில வச்சிடுறது, நாட்டுக்கோழிக்கு வைக்கிறதை விட ஒரு மடங்கு கூட நேரம், கிழட்டுச் சேவலெண்டால் இன்னும் கூட. திறந்து பாத்து எலும்பில இருந்து இறைச்சி நழுவினால் அந்த ஈர்க்கு நரம்பெல்லாத்தையும் விரலால உருவி எடுத்திட்டு, முதற்பால் விட்டு, பெருஞ்சீரகத்தூள் தூவி ஒரு கொதியில இறக்கி, கடைசில தேசிக்காய். நரம்பு உருவாமல் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ, தொண்டையில குத்தும். இடியப்பத்துக்கும் நல்லம், அடுத்த நாள் விடிய றோஸ் பாணோட இன்னும் நல்லம். நெஞ்செலும்புக் கூட்டையும் கழுத்தையும் எறியாமல் மிளகும் மல்லியும் தட்டிப் போட்டு ரசம் வச்சால் தடிமல் பிடிச்ச ஆளுக்கு அதைவிட மருந்தில்ல.

சாமான்ட குறைகளையும் சொல்லோணும். வெளிச்சம் இல்ல, விறகடுப்படியில பின்னேரம் இலக்கம் தெரியாது, போனில லைற் அடிச்சுத்தான் பாக்கிறன், வாங்கிற நேரம் உள்ளுக்கு லைற் எரியிறதாப் பாத்து எடுங்கோ. மடக்கிற மூட்டுக்குள்ள குழம்பும் மஞ்சளும் போய் அடையும், முழுசாத் தண்ணிக்குள்ள போட்டுக் கழுவவும் ஏலாது, பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷால மினக்கெட்டுத் துப்பரவாக்கோணும். ஊசியைப் பச்சை இறைச்சியில குத்திட்டு அப்பிடியே வெந்ததில குத்தக் கூடாது, ஒவ்வொருக்காலும் சவுக்காரத்தோட சுடுதண்ணியில துடைக்கோணும், இது கரைச்சல்தான், ஆனா விட ஏலாது. எலும்பில முட்டினால் பிழையான இலக்கம் காட்டும், இதை எந்த விலைச் சாமானும் தவிர்க்காது, நீங்கதான் கொஞ்சம் வெளிய இழுத்துத் திரும்பக் குத்தோணும். பிளாஸ்ரிக் தலை எண்டதால உள்ள விட்டுட்டு மூடி வைக்கவும் ஏலாது, உருகிப் போகும், வயர் போட்டு வெளிய பெட்டி வைக்கிற வகை வேற இருக்கு, அது போறணை வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் பிரயோசனம். பிறகு பற்றறி, வட்டத் தட்டுப் பற்றறி, ரவுணில மணிக்கூட்டுக் கடையில கேட்டால் கிடைக்குது, எல்லாக் கடையிலயும் இல்ல, அதால நான் நத்தாருக்கு முதலே ஒண்டு கூட வாங்கி வச்சிருக்கிறன், அண்டைக்குத்தான் கடை எல்லாம் பூட்டு.

மற்றது, அமெரிக்காவுக்குச் செய்து விக்கிற சாமான் எண்டால் முதல்ல பரனைற்றிலதான் காட்டும், பின்னால சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அமத்தினால் செல்சியஸுக்கு மாறும். ஒன்லைனில எடுக்கிற ஆக்கள் அந்தப் பட்டன் இருக்கா எண்டு படத்தில பாத்திட்டு ஓடர் பண்ணுங்கோ.